ரேஞ்ச் இருக்கட்டும், உங்கள் வீட்டு எர்த் எப்படி?

எலக்ட்ரிக் கார் வாங்கலாம் என்று இருக்கிறேன் என்று வாயைத் திறந்தாலே எங்கள் பக்கத்தில் வரும் முதல் கேள்வி, "நடுரோட்டில் நின்றுபோச்சுன்னா?" என்பதுதான். டீக்கடையில் கேட்டார்கள், கல்யாண வீட்டில் கேட்டார்கள், பெட்ரோல் போடப் போன இடத்தில் பங்க் பையனும் கேட்டான், அவனுக்காவது ஒரு நியாயம் இருக்கிறது. ரேஞ்ச், அதாவது ஒரு சார்ஜில் எவ்வளவு தூரம் ஓடும் என்கிற இந்த ஒரு கேள்வியையே சுற்றிச் சுற்றி வந்ததில், உண்மையில் பார்க்கவேண்டிய இரண்டு விஷயங்களை யாருமே பேசவில்லை: இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் கரண்ட் பில், வீட்டு எர்த் (கசியும் கரண்ட்டை மண்ணுக்குள் இறக்கும் இணைப்பு). டெல்டாவில் ஒரு சின்ன ஹேட்ச்பேக்கை எலக்ட்ரிக்காக வாங்குவதா பெட்ரோலாக வாங்குவதா என்பதை இந்த இரண்டும்தான் பெரும்பாலும் முடிவு செய்கின்றன என்பது என் எண்ணம்.

என் நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் கணக்கு புரியும். மன்னார்குடி பக்கம் ஒரு கிராமம். வேலை திருவாரூரில், கூத்தாநல்லூர் வழியாகப் போக வர அறுபது கிலோமீட்டர். மாதத்துக்கு ஒருமுறையோ இருமுறையோ தஞ்சாவூர், கும்பகோணத்தில் மச்சினன் வீடு, எப்போதாவது திருச்சி ஏர்போர்ட். சென்னைக்கு மன்னை எக்ஸ்பிரஸ். ராத்திரி ஏறிப் படுத்தால் காலையில் எழும்பூர். விக்கிரவாண்டி ரோட்டில் கண்விழித்து ஓட்டும் ஆசை எனக்கு என்றைக்குமே இருந்ததில்லை. ஆக மாதம் 1,500 கிலோமீட்டர், அதில் பெரும்பகுதி ஒரே ரோட்டில்.

பார்த்த வண்டிகளை வேகமாகச் சொல்லிவிடலாம். பெட்ரோலில் வேகன் ஆர், ஸ்விஃப்ட், டியாகோ. எலக்ட்ரிக்கில் டியாகோ இவி, காமெட், சிட்ரோயன் இசி3. காமெட் டவுனுக்குள் திரும்ப அருமையாக இருக்கும், ஆனால் கதவு இரண்டுதான், பின் சீட்டுக்கு முன் சீட்டை மடக்கி நுழையவேண்டும், முட்டிவலியோடு இருக்கும் அம்மாவை அதில் ஏற்றச் சொன்னால் நடந்தே வருகிறேன் என்பார். இசி3 இடவசதி நன்றாக இருக்கிறது, பேட்டரியும் 29.2 யூனிட் (கரண்ட் பில்லில் வரும் அதே யூனிட்தான்), பெரியதுதான், ஆனால் சர்வீஸுக்கு நான் போகவேண்டிய தூரத்தை நினைத்து விட்டுவிட்டேன். கடைசியில் டியாகோ பெட்ரோலா, டியாகோ எலக்ட்ரிக்கா என்று வந்து நின்றது. ஒரே உடம்பு, உள்ளே இருப்பது மட்டும் வேறு என்பதால் ஒப்பிடவும் சுலபம்.

ரேஞ்ச் கதையை முதலில் முடித்துவிடுவோம். டியாகோ இவி 2022ல் வந்தபோது 19.2 யூனிட் பேட்டரிக்கு 250 கிலோமீட்டர், 24 யூனிட்டுக்கு 315 என்று சொன்னார்கள். அது சோதனைக்கூடக் கணக்கு, அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே என்று எடுத்துக்கொண்டால் ஏமாற்றம் வராது; பெரிய பேட்டரியில் ஏசியோடு 180, 190ஐ நம்பிப் போகலாம். ஆனால் நம் ஊர் ரோடு எலக்ட்ரிக்குக்கு என்றே அமைந்தது. மேட்டூரில் திறந்த தண்ணீர் தானாக ஓடி வருகிற அந்தச் சரிவுதான் இங்கே இருக்கும் மொத்த ஏற்ற இறக்கமும், அதைவிட்டால் வாய்க்கால் பாலங்கள்தான். நூறில் பறக்கும்போதுதான் பேட்டரி மளமளவென்று இறங்கும், இங்கே முன்னால் டிராக்டர், அதற்கு முன்னால் அறுவடை மெஷின், அதற்கும் முன்னால் எல்லா நிறுத்தத்திலும் நிற்கும் டவுன் பஸ் என்று வரிசையாகப் போகும்போது ஐம்பதைத் தாண்டினால் பெரிய விஷயம். பிரேக் பிடிக்கும்போதும் ஆக்சிலேட்டரை விடும்போதும் கொஞ்சம் கரண்ட் பேட்டரிக்கே திரும்பிப் போகிறது, இந்த மாதிரி ஓட்டத்தில் அந்த வரவு நிறைய.

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நின்றவர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. மன்னார்குடி ரயிலுக்கு எஞ்சினை மாற்றி மாட்டி முடிப்பதற்குள் முறுக்கு, கடலை, வெள்ளரிப்பிஞ்சு எல்லாம் விற்றுத் தீர்ந்துவிடும். பெட்ரோல் வண்டியில் சித்திரை வெயிலில் ஏசிக்காக எஞ்சினை ஓடவிட்டு நிற்பது, எண்ணெயை ரோட்டில் ஊற்றுவதற்குச் சமம். எலக்ட்ரிக்கில் ஏசிக்கு ஆகும் கரண்ட் மட்டும்தான், சத்தமும் கிடையாது சூடும் கிடையாது.

அடுத்தது உளுந்து. தாளடி (இரண்டாம் போக நெல்) அறுத்த பிறகு வயலில் உளுந்தும் பயறும் வரும், பறித்த செடியை ரோட்டில் பரப்பிவிடுவார்கள், வருகிற போகிற வண்டிகள்தான் போரடிக்கிற மாடு. தப்பு என்று சொல்லுகிறவர்கள் களம் கட்டிக் கொடுத்துவிட்டுச் சொல்லட்டும். ஆனால் காய்ந்த செடி வண்டியின் அடியில் சுற்றிக்கொண்டு சைலன்சர் சூட்டில் புகைய ஆரம்பிப்பது பெட்ரோல் காரில் உண்மையான ஆபத்து. எலக்ட்ரிக்கில் சைலன்சரே இல்லை. சக்கரத்து அச்சில் சுற்றிக்கொள்ளும்தான், இறங்கி உருவி எடுக்கவேண்டும், தீப்பிடிக்கும் பயம் மட்டும் குறைவு. இதற்கு நேர் எதிரான விஷயமும் உண்டு: சத்தம் இல்லாததால் ரோட்டில் உட்கார்ந்து நெல் துழாவுகிற பாட்டிக்கு நாம் வருவது தெரியாது. ஆட்டுக்குட்டிக்கும் தெரியாது. கிராமத்துக்குள் ஹார்னைத் தொட்டுக்கொண்டேதான் போகவேண்டும்.

சரி, பணத்துக்கு வருவோம். "கிலோமீட்டருக்கு ஐம்பது பைசாதான் சார்" என்று ஷோரூம் பையன் சொன்னான். எந்த வீட்டில் தம்பி என்று கேட்டேன், முழித்தான். அவன் மேல் தப்பில்லை, அவனுக்குச் சொல்லிக்கொடுத்த கணக்கு அது. தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்துக்கு ஒரே விலை கிடையாது. 2025 அக்டோபரில் நான் கணக்குப் போட்டபோது இருந்த நிலவரம் இது: இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த 100 ரொம்ப மலிவு, அப்புறம் படிப்படியாக ஏறும். 500 யூனிட்டைத் தாண்டினால் கதையே மாறும். இரண்டாவது நூறுக்குக் கிடைத்த மலிவு விலை போய்விடும், 501லிருந்து யூனிட்டுக்கு எட்டரை ரூபாய்ப் பக்கம், 600க்கு மேல் ஒன்பதரைப் பக்கம், 800, 1,000 என்று இன்னும் மேலே மேலே.

எங்கள் வீட்டில் சாதாரணமாக 300 யூனிட் ஓடும், பில் எழுநூறு ரூபாயை ஒட்டி வரும். கார் வந்தால் என்ன ஆகும்? சார்ஜ் ஏறும்போது ஆகும் சேதாரத்தையும் சேர்த்து, மீட்டரில் ஓடும் ஒரு யூனிட்டுக்கு ஏழரை கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டேன். இரண்டு மாதத்தில் 3,000 கிலோமீட்டர், 400 யூனிட். ஆக மொத்தம் 700 யூனிட், பில் 3,800ஐத் தாண்டும். காரினால் மட்டும் கூடுவது 3,100 ரூபாய். யூனிட்டுக்கு எட்டு ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே, கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்க்குச் சற்று மேலே. பையன் சொன்னதைப் போல இரண்டு மடங்கு. ஏற்கெனவே இரண்டு ஏசி ஓடி 600, 700 யூனிட் வரும் வீடாக இருந்தால், காரின் ஒவ்வொரு யூனிட்டும் ஒன்பதரைக்கு மேல்தான் விழும், பத்தரையைக்கூடத் தொடும். இதை யாரும் விளம்பரத்தில் போடமாட்டார்கள்.

அப்படியிருந்தும் பெட்ரோலோடு வைத்துப் பார்த்தால் எவ்வளவோ மலிவு. அதே 3,000 கிலோமீட்டருக்கு லிட்டருக்கு 17 என்று வைத்தாலும் 176 லிட்டர், நம் பக்கத்து விலை அப்போது 102 ரூபாய்ப் பக்கம், பதினெட்டாயிரம் ஆகிவிடும். கம்பெனி சொல்லும் மைலேஜை வைத்து ஏன் போடவில்லை என்று கேட்பீர்கள். அதுவும் சோதனைக்கூடக் கணக்குதான், தவிர இப்போது பங்கில் ஊற்றுவதில் 20 சதவீதம் எத்தனால். ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு, அதனால் மைலேஜில் கொஞ்சம் அடி விழத்தான் செய்யும். கரும்பு போட்டவனுக்கும் அரிசி விளைவித்தவனுக்கும் அதில் ஏதாவது வந்து சேர்ந்தால் நமக்கு வருத்தமில்லை, வருகிறதா என்பதுதான் கேள்வி. அது வேறு பஞ்சாயத்து.

வருஷத்துக்கு எண்பத்தைந்து தொண்ணூறாயிரம் மிச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதற்காக முன்னால் எவ்வளவு கூடுதலாகக் கொடுக்கிறோம்? நான் கணக்குப் போட்டது 2025 அக்டோபரில். அதற்கு முந்தைய மாதம் 22ஆம் தேதிதான் சின்ன பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டியை 28லிருந்து 18 சதவீதமாகக் குறைத்திருந்தார்கள், எலக்ட்ரிக்குக்கு 2019லிருந்தே 5 சதவீதம், அதில் மாற்றமில்லை. ஆக பெட்ரோல் வண்டி விலை இறங்கியது, எலக்ட்ரிக் அப்படியே நின்றது, இடைவெளி கூடிவிட்டது. பெரிய பேட்டரி டியாகோவுக்கும் ஏறக்குறைய அதே வசதி உள்ள பெட்ரோலுக்கும் நாலு லட்சம் பக்கம் வித்தியாசம் வந்தது. ஆனால் பெட்ரோலுக்குச் சாலை வரி உண்டு, ஐந்திலிருந்து பத்து லட்சம் வரை உள்ள வண்டிக்கு 13 சதவீதம், எலக்ட்ரிக்குக்கு அப்போது டிசம்பர் 31 வரை முழு விலக்கு. அதைக் கழித்தால் மூன்று லட்சத்துச் சொச்சம். மூன்றரை, நாலு வருஷத்தில் ஈடுகட்டும், லோன் வட்டியையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் தள்ளிப்போகும். பேட்டரிக்கும் மோட்டாருக்கும் எட்டு வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி, என் ஓட்டத்துக்கு எட்டு வருஷமும் அதற்குள் அடங்கும். அதனால் எலக்ட்ரிக்கையே எடுத்தேன். இப்போது வாங்குகிறவர்கள் வரி நிலவரத்தை வாங்கும் அன்றைக்குக் கேட்டுக்கொள்ளுங்கள், அந்த ஒன்று மாறினாலே கணக்கு மாறும்.

இதே கணக்கு மாதம் 500 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்குத் தேறவே தேறாது. அவர் பெட்ரோல் வாங்கிவிட்டு மிச்சத்தில் ஒரு சவரனோ இரண்டு சவரனோ எடுத்து வைக்கலாம். எலக்ட்ரிக் வாங்கினால் மிச்சம் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்கிறவர்களிடம் மாதம் எவ்வளவு ஓட்டுகிறீர்கள் என்று முதலில் கேளுங்கள்.

இனி எர்த். டெல்டாவில் இருப்பவர்களுக்கு இதுதான் முக்கியம், தயவுசெய்து வேகமாகத் தாண்டிப் போகாதீர்கள்.

வண்டியோடு வரும் சார்ஜர் 15 ஆம்பியர் பிளக்கில் மாட்டுவது. செல்போன் சார்ஜர் மாதிரி கொடுத்த கரண்ட்டை வாங்கிக்கொண்டு சும்மா இருக்காது. எர்த் சரியாக இருக்கிறதா என்று முதலில் பார்க்கும், இல்லையென்றால் சிவப்பு விளக்கைப் போட்டுவிட்டு உட்கார்ந்துகொள்ளும். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் எர்த் என்பது ஒயரிங் செய்த காலத்தில் கொல்லையில் அடித்த ஒரு ஜிஐ பைப், அதன் மேல் இப்போது முருங்கை மரம் நிற்கும், அல்லது மாட்டுக்கொட்டகை. பைப்போடு கட்டிய கம்பி துருப்பிடித்து அறுந்து வருஷக்கணக்கில் ஆகியிருக்கும். மிக்ஸியும் ஃபேனும் அது இல்லாமலும் ஓடும் என்பதால் யாருக்கும் தெரிவதில்லை. ஐப்பசி கார்த்திகையில் மண் ஊறிக் கிடக்கும்போது எர்த் நன்றாக இருக்கும், வைகாசியில் களிமண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும்போது அதே எர்த் செத்துப்போகும். அதனால் மழைக்காலத்தில் வண்டி எடுத்து எல்லாம் சரியாக ஓடுகிறது என்று இருந்துவிடக்கூடாது.

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு வண்டிக்கென்று தனியாக ஒரு எர்த் குழி எடுத்தோம். ஆழமாகத் தோண்டி, கரியும் உப்பும் அடுக்கடுக்காகப் போட்டு, மேலே தண்ணீர் ஊற்ற ஒரு வாய் விட்டு மூடினோம். கோடையில் வாரம் ஒரு குடம் தண்ணீர் அதற்கு. மீட்டர் பெட்டியிலிருந்து நேராக 4 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) கனத்தில் ஒயர், தனி எம்சிபி (கரண்ட் மிதமிஞ்சினால் தானாக விழும் சுவிட்ச்), 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்). மொத்தமும் சில ஆயிரத்தில் முடிந்துவிட்டது, காரின் விலைக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை.

சில எலக்ட்ரீஷியன்கள் ஒரு குறுக்கு வழி சொல்வார்கள்: "நியூட்ரலையும் எர்த்தையும் பிளக்கிலேயே சேர்த்து ஒரு முறுக்கு முறுக்கிவிட்டா சார்ஜர் ஏமாந்துரும் சார்." ஏமாறும்தான். ஆனால் என்றைக்காவது காற்றில் நியூட்ரல் அறுந்தால் காரின் உடம்பு முழுக்கக் கரண்ட் நிற்கும், மழையில் நனைந்த காலோடு கதவைத் திறக்கப் போகிறவர் உங்கள் வீட்டு ஆள். செய்யவே செய்யாதீர்கள், செய்யச் சொல்கிறவரை அடுத்த வேலைக்கும் கூப்பிடாதீர்கள்.

வோல்டேஜ் இன்னொரு தலைவலி. சாயங்காலம் ஏழிலிருந்து பத்து வரை எங்கள் டிரான்ஸ்ஃபார்மரில் எல்லா வீடும் தொங்கும், டியூப் லைட்டே கண்ணைச் சிமிட்டும். ஊர் அடங்கிய பிறகு சார்ஜ் போட்டால் பிரச்சினை இல்லை, தினசரி ஓட்டத்துக்கு மூன்று மணிநேரம் ஏறினால் போதும். காலி பேட்டரி நிறைய ஒன்பது மணிநேரம் பிடிக்கும், அந்த நிலைக்கு நான் விடுவதில்லை. பராமரிப்புக்காகப் பகல் முழுக்கக் கரண்ட் நிறுத்தும் நாள் இதனால் என்னைப் பாதிக்காது. வெளியே சார்ஜ் போடுவதை ஒரு நம்பிக்கையாக வைத்துக்கொள்ளவேண்டாம். தஞ்சாவூர், கும்பகோணம், திருச்சியில் இருக்கின்றன, ஆனால் போனில் பச்சையாகக் காட்டிய ஒரு இடத்துக்கு நான் போனபோது மெஷின் மேல் கோணிப்பையைப் போர்த்தி வைத்திருந்தார்கள். திருச்சி போனால் அங்கே ஒருமுறை போட்டுக்கொண்டு திரும்புகிறேன், வேகமான சார்ஜரில் ஒரு மணிநேரம், சாப்பிடும் நேரத்துக்குச் சரியாக இருக்கும்.

வெள்ளமும் புயலும் வந்தால்? வெள்ளத்துக்கு எலக்ட்ரிக் பரவாயில்லை. பேட்டரியும் மோட்டாரும் ஐபி67, அதாவது ஒரு மீட்டர் தண்ணீரில் அரைமணி நேரம் கிடந்தாலும் உள்ளே போகாத அளவுக்கு மூடியவை. பெட்ரோல் எஞ்சின் காற்று இழுக்கும் குழாய் வழியாகத் தண்ணீரை உறிஞ்சினால் அத்தோடு முடிந்தது. அதற்காக வாய்க்கால் உடைத்துக்கொண்டு ஓடும் ரோட்டில் எதையும் இறக்கவேண்டாம், தண்ணீர் வேகத்துக்கு எந்த வண்டியும் ஒரு பொருட்டில்லை. புயல்தான் வேறு மாதிரி. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும், கம்பங்கள் வரிசையாக முறிந்து பல கிராமங்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் கிடையாது, ஊர் ஊராக ஜெனரேட்டரைக் கொண்டுவந்து தண்ணீர்த் தொட்டியை நிரப்பினார்கள். அந்த மாதிரி ஒன்று மறுபடி வந்தால் எலக்ட்ரிக் கார் திண்ணைக்குச் சமம். எச்சரிக்கை வந்த அன்றைக்கே முழுச் சார்ஜ் போட்டுவைப்பது ஒன்றுதான் வழி, அதற்கும் மேல் போனால் வீட்டில் பெட்ரோல் பைக் நிற்கிறது. வீட்டுக்கு ஒரே வண்டி, அதுவும் எலக்ட்ரிக் என்றால், கடலோரம் இருக்கும் யாருக்கும் நான் தைரியமாகச் சொல்லமாட்டேன்.

கும்பகோணத்து மச்சினனுக்கும் இதே சமயத்தில்தான் கார் வாங்கும் யோசனை வந்தது. "அத்தான், நீங்க எடுக்கிறதையே நானும் எடுத்துடறேன், ரெண்டு வண்டிக்குச் சேர்த்துப் பேசினா குறைப்பாங்க" என்றான். நான்தான் வேண்டாம் என்றேன். மாடி வீடு, வாடகை, கார் நிற்கப்போவது தெருக்கோடியில் மாத வாடகைக்கு விடும் ஒரு தகரக் கொட்டகையில், அங்கே ஒரு குண்டு பல்பைத் தவிர கரண்ட் கிடையாது. மாமனார் வீடு சென்னையில், மாதம் தவறாமல் குழந்தைகளோடு காரில் போகிறவன், ஒரு பக்கத்துக்கே முன்னூறு கிலோமீட்டர் பக்கம். அவனுக்கு எலக்ட்ரிக் என்பது மாதாமாதம் ஒரு வேண்டுதல் மாதிரி ஆகிவிடும். பெட்ரோல் டியாகோவே எடுத்தான், சந்தோஷமாக இருக்கிறான். முந்தா நாள் டயர் பஞ்சர், ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு வந்துவிட்டான், அதைச் சொல்லிக்காட்டவும் செய்தான். என் வண்டியில் ஸ்டெப்னி கிடையாது, ஒட்டும் மருந்தும் காற்றடிக்கும் பம்பும் மட்டும்தான் கொடுக்கிறார்கள். கருவேல முள்ளுக்கு அது போதும், டயர் பக்கவாட்டில் கிழிந்தால் ஆள் அனுப்பவேண்டியதுதான். தனியாக ஒரு சக்கரம் வாங்கி டிக்கியில் போட்டுக்கொள்ளலாம், ஆனால் அப்புறம் அரிசிச் சிப்பம் வைக்க இடம் இருக்காது.

எலி ஒயரைக் கடிக்குமா என்று கேட்பவர்களுக்கு: ஆமாம், எலக்ட்ரிக்கிலும் கடிக்கும், பெட்ரோலிலும் கடிக்கும். வயலை ஒட்டி வீடு இருந்தால் அறுவடை முடிந்த கையோடு எல்லா எலியும் ஊருக்குள் வந்துவிடும், ஒயரின் மேலுறை அதற்குப் பலகாரம். பானெட்டுக்குள் தெளிக்க என்னென்னவோ விற்கிறார்கள், நான் வண்டி நிற்கும் இடத்தைச் சுற்றி நாலு மூங்கில் கிட்டி (எலிப்பொறி) வைக்க ஆள் சொல்லியிருக்கிறேன். பெட்ரோல் வண்டியில் ஒயர் போனால் மன்னார்குடியிலேயே ஒட்டிக் கொடுத்துவிடுவார்கள். எலக்ட்ரிக்கில் உயர் வோல்டேஜ் போகும் ஆரஞ்சு நிற ஒயரைக் கடித்துவைத்தால் உள்ளூர் மெக்கானிக் கிட்டேயே வரமாட்டார், வரவும் கூடாது, தூக்கிக்கொண்டு போகவேண்டியது கம்பெனி சர்வீஸுக்குத்தான். இன்சூரன்ஸில் எலிக்கடி சேருமா என்று பாலிசி எடுக்கும்போதே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.